பின்னோக்கி ஓடாதவன்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. அந்த அறையில் முப்பத்திரண்டு பேர் இருந்தோம். மற்றவர்களைக் கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். அவர்கள் பொய் சொல்பவர்கள் இல்லை. நானும் இதில் பொய் சொல்லப்போவதில்லை.

1954. நெப்ராஸ்காவில் ஒரு சிறிய கல்லூரி. சுற்றிலும் மக்காச்சோளக் காடு. எங்கள் ஊர்க் கால்பந்தில் பந்தை உதைப்பது குறைவு. கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். அவனுக்கு வழி கிடைக்க, எதிரில் வருபவர்களை மற்றவர்கள் முட்டித் தள்ள வேண்டும். முட்டித் தள்ளும் வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது ஆள் நான். ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி வரை அந்த இடம் எமில் செலென்காவுடையது.

ஆகஸ்டில் தினம் இரண்டு வேளை பயிற்சி. தலைக்கவசம், தோளில் தடித்த மெத்தை, முழுக்கைச் சட்டை. தண்ணீர் கிடையாது. தண்ணீர் குடித்தால் ஆள் இளகிவிடுவான் என்று கோச் ஸ்ட்ரவுட் நம்பினார். அவர் மட்டுமல்ல, அன்றைக்கு எல்லாக் கோச்சுகளும் அப்படித்தான். ஆளுக்கு இரண்டு உப்பு மாத்திரை கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

எமில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். வேலிக்கு அப்பால் மாடுகள் குடிக்கும் தொட்டி இருந்தது. ஒரு துண்டை அதில் நனைத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்வான். குனியும்போது யாருக்கும் தெரியாமல் சப்புவான்.

"மாட்டு எச்சிலைக் குடிக்கிறியேடா," என்றேன்.

"மாடு உன்னைவிடச் சுத்தம். வேணுமா, சொல்லு."

நீட்டினான். நானும் சப்பினேன்.

மறுநாள் கோச்சின் அறைக்குப் போய்ச் சொன்னேன். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை.

கோச் துண்டைப் பிடுங்கி வேலியில் தொங்கவிட்டார். எமிலை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். எத்தனை சுற்று என்று சொல்லவில்லை. மாலை 4.20க்கு அவன் விழுந்தான். டாக்டர் வைத்த தெர்மாமீட்டரில் பாதரசம் கடைசிக் கோட்டில் நின்றது. நூற்றுப்பத்து. இருட்டுவதற்குள் இறந்துவிட்டான். துண்டைக் காட்டிக்கொடுத்தது யாரென்று கோச்சுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

எட்டு ஆட்டம் ஆடினோம். எட்டிலும் வெற்றி. மிச்சம் ஒன்று. அதையும் ஜெயித்தால், எங்கள் கல்லூரியின் தோற்காத முதல் அணி நாங்கள்தான்.

திங்கள்தோறும் மாலை நான்கு மணிக்கு, உடற்பயிற்சிக் கூடத்தின் நிலவறையில் சனிக்கிழமை ஆட்டத்தின் படம் ஓடும். கறுப்பு வெள்ளை. ஒலி கிடையாது. ஒருவன் தப்பு செய்திருந்தால் கோச் பெயர் சொல்ல மாட்டார். அந்த இடத்தையே ஓட்டுவார். முன்னால்... பின்னால்... மறுபடி முன்னால். செய்தவனே எழுந்து "என் தப்புதான்" என்று சொல்லும்வரை ஓட்டுவார்.

நவம்பர் எட்டு. 4.06.

திரையில் எங்கள் ஆள் பந்தோடு இடப்பக்கம் வந்தான். நான் தள்ளவேண்டியவனைத் தவறவிட்டேன். அவன் பாய்ந்து எங்கள் ஆளைச் சாய்த்தான்.

டிக். கோச் விசையைத் திருப்பினார். விழுந்தவன் எழுந்தான். எல்லோரும் பின்பக்கமாக ஓடினார்கள்.

"டுவெய்ன், பின்னால ஓடுறப்பதான்டா நீ அழகா ஓடுற," என்றான் பக்கத்திலிருந்த ஆர்லன்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் பார்த்தேன். மைதானத்தின் மறுகோடியில், வேலியோரம், ஒருவன். எல்லோரும் பின்னோக்கிப் போகிறார்கள். அவன் மட்டும் முன்னோக்கி நடந்து வருகிறான்.

டிக். படம் முன்னால் ஓடியது. அவன் நின்றான்.

டிக். பின்னால். அவன் நடந்தான்.

4.11. நடுக்கோட்டைத் தாண்டியிருந்தான். எங்கள் அணிச் சட்டை. தலைக்கவசம் இல்லை. கழுத்தில் ஏதோ வெள்ளையாக...

"ஆர்லன், அங்க யாருடா?"

"எங்க?"

"வேலிகிட்டேருந்து வர்றான் பாரு."

"நீதான் இருக்க. எழுந்து சொல்லித் தொலைடா. பசிக்குது."

நான் எழவில்லை. எழுந்தால் கடைசி ஆட்டத்தில் ஆடவிடாமல் வெளியே உட்கார வைத்துவிடுவார். இடம் போய்விடும்.

டிக். பின்னால். எங்கள் வரிசைக்கு வந்துவிட்டான். திரையிலிருந்த எனக்குப் பக்கத்தில் நின்றான். தலையைத் திருப்பினான். படத்துக்கு வெளியே பார்த்தான்.

என்னை.

டிக். முகம் திரை முழுக்க. உதடுகள் வெடித்திருந்தன. வாய் அசைந்தது.

ஒலி இல்லாத படம்...

சொட்டு விழும் சத்தம் கேட்டது.

என் காலடியில்.

4.20.

எழுந்தேன்.

"என் தப்புதான், கோச்."

படம் நிற்கவில்லை. இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"எது?"

அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"அந்த ஆளைத் தள்ளாம விட்டது, கோச்."

அவர் கருவியை நிறுத்தினார். பிறகு விளக்கைப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. உட்காரு."

சனிக்கிழமை என்னை அவர் வெளியே உட்கார வைக்கவில்லை. கடைசி ஆட்டத்தில் ஆடினேன். ஜெயித்தோம். அந்த அணியின் புகைப்படம் இன்னும் கல்லூரிச் சுவரில் இருக்கிறது. இடப்பக்கம் இரண்டாவது ஆள் நான்.

இருபத்தொரு வருடம் போனது. 1976 பிப்ரவரி கடைசியில் கோச்சின் மனைவியிடமிருந்து ஒரு பார்சல். உள்ளே தகர டப்பாவில் ஒரு படச்சுருள். கூடவே கடிதம்.

"திங்கட்கிழமை தவறாம நாலு மணிக்கு எங்க வீட்டு நிலவறைக்குக் கீழே போவார். இந்த ஒரு படத்தைத்தான் பின்னால ஓட்டி ஓட்டிப் பார்ப்பார். 'இன்னும் எத்தனை அடி'ன்னு முணுமுணுப்பார். கேட்டா சொல்ல மாட்டார். ஒன்பதாம் தேதி போனவர் மேலே வரல. வெளியே முழங்கால் வரைக்கும் பனி. நிலவறையில அடுப்பு கிடையாது. கோட்டு போட்டுக்கிட்டுத்தான் போனார். வெயில் தாக்கின உடம்பு மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்றார். தெர்மாமீட்டர் நூத்திப்பத்து காட்டுச்சாம். அவருக்கே ஒண்ணும் புரியல. டப்பா மேல உன் பேரு எழுதியிருந்தது, அதான் அனுப்புறேன். உனக்கு ஏதாவது தெரியுமா, டுவெய்ன்?"

பார்சல் வந்தது இன்று. திங்கட்கிழமை.

என்னிடம் படம் ஓட்டும் கருவி இல்லை. டப்பாவைத் திறக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதினேன். கோச் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். எமிலின் துண்டைக் காட்டிக்கொடுத்தது நான். அவன் இடத்துக்காக. அவன் கொடுத்து நானும் சப்பிய துண்டு அது.

உரக்கவும் சொன்னேன். அவன் பெயரைச் சொல்லி.

மணி 4.19.

டப்பாவுக்கு அடியில் மேசை ஈரமாகிக்கொண்டிருக்கிறது.