ராகுகாலத்தில் வந்த கடல்

போன வருடம் புரட்டாதி அமாவாசையன்று நடந்தது இது. இடம், பிரான்ஸ் நாட்டின் அட்லாண்டிக் கரையில் ஒரு சின்ன ஊர். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டிய ஒரு மரப்பாலத்தின் நுனியில், கையில் தூண்டில் கம்போடு நானும் என் கணவரின் தமக்கையும் நின்றோம். எங்கள் இருவருக்கும் தூண்டில் பிடித்த பழக்கம் கிடையாது. மீன் பிடிக்கும் ஆசையும் கிடையாது. ஆசை என் கணவருக்கு. அவர் இறந்து மூன்று மாதமாகியிருந்தது.

நாங்கள் சுவிஸில் பாடன் நகரில் இருந்தோம். 'இருந்தோம்' என்று எழுதவே கை கூசுகிறது. அவர் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தார். காலை ரயிலில் போகும்போதும் வரும்போதும் கைப்பேசியில் யாரோ மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். படகில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றிச் சத்தி வந்துவிடும். அதனால் பாலத்தில் நின்று பிடிக்கும் மீன்தான் அவருக்குச் சரி. அந்த ஊரில் ஒரு பெண், தூண்டில், இரை எல்லாம் தானே கொண்டுவந்து, பக்கத்தில் நின்று பழக்கிக் கொடுக்கிறாள் என்று எங்கோ கண்டுபிடித்து, புரட்டாதி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குப் பதிந்துவிட்டார்.

"இஞ்சரும், ரெண்டு பேருக்குப் போட்டிட்டன்" என்றார்.

"என்னைக் கேட்டனீங்களோ? நான் வரமாட்டன். அங்க போய் ஆர் மழையில நிக்கிறது?" என்றேன்.

அவர் சிரித்தார். அந்த மனிதரின் குணமே அதுதான். எதற்கும் அவசரப்பட மாட்டார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கத்துவேன். அவர் உள்ளே நின்று "கொஞ்சம் பொறுமன்" என்பார். கலியாண வீடு, கோயில், டொக்டர் என்று எங்கே போனாலும் இதே கூத்துத்தான். ஓடு ஓடு என்று அவரைக் கலைத்துக் கலைத்தே என் ஆயுள் போகுது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஆனி மாதம் ஒரு நாள் வேலையிடத்தில் நெஞ்சு வலி என்று கதிரையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அந்த ஒன்றில் மட்டும் அவர் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை.

முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியன்று, அவருடைய சாம்பலை ஷாஃப்ஹவுசனில் ரைன் ஆற்றில் கரைத்தோம். மச்சாள் வீடு அங்கேதான். என் கணவரின் தமக்கையை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். கிரியை, விரதம், நாள் நட்சத்திரம் எல்லாவற்றிலும் அவர் மிகவும் கண்டிப்பு. எனக்கும் அவருக்கும் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. ஆற்றுக்குப் போவதற்கு முன் நான் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு கைப்பிடிச் சாம்பலை எடுத்து, என் கணவர் வேலைக்குத் தேங்காய்ச் சம்பல் கொண்டுபோகும், மூடி போட்ட சில்வர் பேணியில் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டேன். முழுதாகக் கொடுக்க மனம் வரவில்லை.

ஆவணியில் மச்சாள் என் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பேணியைக் கண்டுவிட்டார். முகம் வெளிறிப் போனது.

"என்ர தம்பியை ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்கிறியோ? பாதி ஆத்திலையும் பாதி அலுமாரிக்குள்ளையும் கிடந்தால் அவன் எப்பிடியடி பிள்ளை போவான்?" என்று வாய்விட்டு அழுதார். எனக்கும் அதற்குப் பிறகு நித்திரை இல்லை. அறைக் கதவைத் திறந்தால் அலுமாரிக்குப் பின்னால் என் கணவர் ஒதுங்கி நிற்பதுபோல ஒரு நினைப்பு வரும். இரவில் எழும்பிப் போய் அலுமாரியைத் தொட்டுப் பார்ப்பேன். அவரை நான்தான் போகவிடாமல் மறித்து வைத்திருக்கிறேன் என்ற எண்ணம் என்னை அரித்தது.

அந்த நேரத்தில்தான் அவருடைய கைப்பேசிக்கு அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. உங்கள் மீன்பிடிப் பயணம் நெருங்குகிறது, இரண்டு பேர், வெப்பமான உடுப்பு கொண்டுவாருங்கள் என்று. நான் மச்சாளுக்குக் காட்டினேன். மச்சாள் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அவர் பதிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை புரட்டாதி அமாவாசை. பிதிர்களுக்கு அதைவிட விசேஷமான நாள் இல்லை. "அவனே நாள் வச்சிட்டுப் போயிருக்கிறான்" என்று கண்ணைத் துடைத்தார். மீதிச் சாம்பலைக் கடலில் விடுவது என்று முடிவு செய்தோம். நானும் மச்சாளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ராகுகாலம். மச்சாள் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பிதிர் காரியம் என்றால் காலையில், மத்தியானத்துக்கு முன் முடிய வேண்டும். நான் அந்தப் பெண்ணுக்கு, எங்களுக்குக் காலையில்தான் வேண்டும் என்று எழுதினேன். அவள் பதில் போட்டாள்: அன்றைக்குக் காலை நல்லதல்ல, பின்னேரமே வாருங்கள், அதற்குத்தான் அந்த நேரம் ஒதுக்கினேன். குடும்பக் காரணம், காலையில்தான் முடியும் என்று நான் திரும்ப எழுதினேன். இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் நான் விடவில்லை. சாம்பல் விஷயத்தை அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால், சட்டம் விடாது, வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். காலையில் மீன் குறைவாகப் பிடிபடும் என்றுதான் அவள் சொல்கிறாள் என்று நினைத்தேன். மீன் யாருக்கு வேண்டும்?

ரயிலில் மச்சாள் பேணியை மடியிலேயே வைத்திருந்தார். பயணப்பையை மேல் தட்டில் வைக்கச் சொன்னேன், வைத்தார். பேணியை விடவில்லை. வெளியில் மழை.

காலையில் குளித்து, விபூதி பூசி, வெறும் வயிற்றோடு அந்த மரப்பாலத்துக்குப் போனோம். மஞ்சள் மழைக்கோட்டோடு அந்தப் பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். முன்பு சுவிஸில் மலை விடுதியொன்றில் வேலை செய்தவளாம், கொஞ்சம் ஜெர்மன் பேசினாள். எங்களைக் கூட்டிக்கொண்டு பாலத்தின் நுனிவரை நடந்தாள். மச்சாள் கைப்பிடியைப் பிடித்து எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கீழே கடல் இல்லை.

சேறுதான் இருந்தது. சாம்பல் நிறத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. பாலத்தின் கால்களில் பாசி தொங்கியது. இரண்டு படகுகள் சரிந்து கிடந்தன. ஒரு பறவை சேற்றில் எதையோ கொத்திக்கொண்டு திரிந்தது. எங்கேயோ தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அதுதான் கடலாம்.

"எங்கை பிள்ளை கடல்?" என்று மச்சாள் கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது.

நாங்கள் பிறந்து வளர்ந்த ஊர்க் கடலுக்கும் வற்றுப்பெருக்கு உண்டுதான். வற்றினாலும் காலை நனைக்கத் தண்ணீர் இருக்கும். சுவிஸில் ஏரிகள் வைத்த இடத்தில் இருக்கும். கடல் ஒன்று முழுதாக எழும்பிப் போய்விடும் என்று எங்களுக்கு யார் சொன்னது? அமாவாசையன்றுதான் தண்ணீர் மிகவும் தூரம் போகும், புரட்டாதியில் அதைவிட மோசம் என்று அந்தப் பெண் விளக்கினாள். பின்னேரம் இதே தண்ணீர் பாலத்தின் கால்களை மூடுமளவுக்குத் திரும்பி வருமாம். "அதற்காகத்தானே உங்கள் கணவருக்கு அந்த நேரத்தைச் சொன்னேன். அவர் எல்லாம் கேட்டு, யோசித்துத்தான் பதிந்தார். அவர் வரவில்லையா?" என்றாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அந்த ஈரப் பலகையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். செத்த வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் யோசனையில் நின்றவள் நான். அந்த மனிதர் எல்லாம் கேட்டு, யோசித்து, சரியான நேரத்தை எடுத்து வைத்திருக்கிறார். நான் வழக்கம்போல அவரைக் கலைத்துக்கொண்டு வந்து சேற்றில் நிறுத்திவிட்டேன்.

மச்சாள் பேணியின் மூடியைத் திறந்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். மொழி தேவைப்படவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள், தலைத்தொப்பியைக் கழற்றினாள். மழை அவள் தலைமயிரில் விழுந்தது. "இருவருக்கும் குளிரும், என் வீடு பக்கத்தில்தான்" என்றாள்.

அவள் வீட்டுச் சமையலறையில் அடுப்பருகே உட்கார வைத்தாள். மீன் சூப் ஊற்றப்போனவளை நான் தடுத்து, இந்தக் காரியம் முடியும்வரை மீன் இறைச்சி தொடமாட்டோம் என்று சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்காமல் உருளைக்கிழங்கை அவித்துத் தந்தாள். பிறகு எனக்கு ஒரு விஷயத்தை மெதுவாக விளங்கப்படுத்தினாள். தண்ணீர் வரும்போது போடக்கூடாது, போட்டால் கரைக்கே திரும்பி வந்துவிடும். முழுதாக ஏறி, ஒரு கணம் நின்று, திரும்பும்போது போட வேண்டும். அப்போதுதான் வெளியே கொண்டுபோகும். அது ஐந்து மணிக்குப் பிறகுதான்.

அதாவது, ராகுகாலத்துக்கு நடுவே.

மச்சாளுக்கு நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஓம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. மறுநாள் காலை எங்களுக்குத் திரும்பும் ரயில். அவர் வேண்டாம் என்றால், அந்தப் பேணி மறுபடியும் என் அலுமாரிக்குத்தான் வர வேண்டும். அந்தப் பயத்தோடுதான் பின்னேரம் பாலத்துக்குத் திரும்பிப் போனேன்.

கடல் வந்திருந்தது. காலையில் நாங்கள் பார்த்த சேறு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பலகைக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் கறுப்பாக மோதியது. காத்திருக்கும் நேரத்துக்கு அந்தப் பெண் எங்கள் இருவர் கையிலும் தூண்டிலைத் தந்தாள். "அவர் இரண்டு பேருக்குப் பதிந்தார், இரண்டு பேர் வந்திருக்கிறீர்கள்" என்றாள். நான் மாட்டேன் என்று சொன்ன அதே இடத்தில், அதே மழையில் நின்றேன். பக்கத்தில் அவர் இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதில் என்ன இருக்கிறது என்று எத்தனை தடவை அவரைக் கேட்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு விளங்கியது. விளங்கியதைச் சொல்ல ஆள் இல்லை.

மச்சாளின் கம்பு திடீரென்று வளைந்தது. அவர் அலறிவிட்டார். வெள்ளி நிறத்தில் ஒரு மீன் துடித்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் கையை நனைத்து அதைப் பிடித்து, அளந்து பார்த்து, சின்னது, விடவேண்டும் என்றாள். "விடச் சொல்லு பிள்ளை, கெதியா விடச் சொல்லு" என்றார் மச்சாள். மீன் தண்ணீரில் விழுந்து போனது. அது போன இடத்தையே அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அலைச்சத்தம் அடங்கியது. பாலத்தின் கால்களைச் சுற்றித் தண்ணீர் அசையாமல் நின்றது. அந்தப் பெண் எங்களைப் பார்த்தாள். நான் மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கமான நானாக இருந்தால், அவர் கையிலிருந்து பேணியைப் பறித்துக் கொட்டியிருப்பேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

மச்சாள் கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டார். "அவன் கேட்ட நேரம் இதுதானே. போடு பிள்ளை" என்று பேணியை என்னிடம் தந்தார்.

அப்போது அந்தப் பெண் ஒன்று செய்தாள். எங்கள் தூண்டில்களைத் தண்ணீரிலிருந்து முழுதாகச் சுற்றி எடுத்தாள். பிறகு பாலத்தின் மற்றப் பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் போய் ஏதோ சொன்னாள். அவரும் தன் தூண்டிலை எடுத்துக்கொண்டார். என் கணவர் போகும் தண்ணீரில் ஒரு தூண்டில் முள்ளும் இருக்கக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், எங்கள் பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒருத்திக்கு அது தோன்றியது. அந்தக் கையை நான் இன்னும் மனதால் கும்பிடுகிறேன்.

நான் பேணியைச் சரித்தேன். சாம்பல் உடனே போகவில்லை. பாலத்தின் காலோரம் மெல்லிய ஆடைபோல ஒதுங்கி நின்றது. அங்கேயும் கொஞ்சம் பொறுமன் என்கிறாரோ என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நானும் மச்சாளும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு தண்ணீர் திரும்பியது. மெதுவாக, தன்பாட்டில் அது அவரை இழுத்துக்கொண்டு போனது. கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் மச்சாள் என் கையை விடவில்லை.

பேணியைக் கழுவி மறுபடியும் சமையலறைத் தட்டில் வைத்திருக்கிறேன். இப்போது அது வெறும் பேணி. நித்திரை வருகிறது, ஆனால் வீடு பெரிதாகிவிட்டது. காலையில் வேலைக்குப் போகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்ததும், பழக்கதோஷத்தில் ஒருகணம் உள்ளே திரும்பிப் பார்க்கிறேன். அவரோடு வாழ்ந்த காலமெல்லாம் ஓடு ஓடு என்று கலைத்த நான், அவருக்காக வாய் பேசாமல் காத்து நின்றது அந்த ஒரு பின்னேரம் மட்டும்தான் என்ற நினைப்பு, கதவைப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் என்னோடு வெளியே வருகிறது.