மஞ்சள் வீட்டில் இருந்தவர்கள்

மொன்ட்ரியால்-நோரில் எங்கள் தெருமுனை டெப்பனரில், இங்குள்ள சின்ன மளிகைக் கடையில், பால் பையை எடுத்து நீட்டிய பெண்ணிடம் "தக்" என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து "பார்தோன்?" என்றாள். மெர்சி என்று திருத்திக்கொண்டேன். இந்த நகரத்துக்கு வந்து பத்து வருடமாகிறது. வேலையிலும் தெருவிலும் பிரெஞ்சுதான். ஆனாலும் களைத்துப்போன நாட்களில், இரண்டே குளிர்காலம் வாழ்ந்த ஒரு நோர்வேத் தீவின் நன்றிதான் வாயில் வருகிறது. அந்த மொழியில் எனக்கு மிஞ்சியதும் ஏறக்குறைய அந்த ஒரு சொல்தான்.

நோர்வேயின் வடகோடியில் உள்ள சின்னத் தீவு அது. தீவுக்கென்று ஒரு பிரதேச சபை, ஒரு தேவாலயம், ஒரு மீன் தொழிற்சாலை. மட்டக்களப்புக் கரையோரத்திலிருந்து தப்பி வந்த நானும் தம்பி தவமும் அந்தத் தொழிற்சாலையில் மீன் வெட்டினோம். அருகிலிருந்த மஞ்சள் மரவீட்டில் தங்கினோம். வாரக்கணக்கில் சூரியன் எழாத அந்த இருட்டு என்னை உள்ளுக்குள் தின்றது. தவத்தை அது ஒன்றும் செய்யவில்லை. மீன் காயப்போடும் உயரமான மரப்பந்தல்களில் தீவுக்காரரோடு ஏறி நின்று, அவர்களின் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டான். கனடாவுக்குப் போவோம் என்று நான் கூப்பிட்டபோது சண்டை வந்தது.

"நீங்க போங்க அண்ணன். எனக்கு இஞ்ச கடல் இருக்கு."

"அப்ப நான் மட்டும் தனியப் போறதா?"

"மறுகா வாறன்."

எங்கள் பக்கத்தில் மறுகா என்றால் பிறகு. யாழ்ப்பாணத்து நண்பர்கள் பேந்து என்பார்கள். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் தூக்கினேன்.

அவன் வரவில்லை. நான் இங்கு வந்த மூன்றாம் வருடம், ஒரு பங்குனி மாதத்தில், அவன் போன மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. உடலை எடுத்து, தீவின் தேவாலய வளவில் புதைத்தார்கள். என் அகதி விண்ணப்பம் அப்போது முடிவாகவில்லை. வெளியே போனால் திரும்பி வர முடியாது. போகவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் பெட்டி இறக்கும் வேலை எனக்கு. அன்றைக்கும் இறக்கினேன்.

பிறகு எங்கள் ஊரில் ஆழிப்பேரலை வந்தது. அம்மா தப்பினார். வீடு போனது, தவத்தின் படங்கள் எல்லாம் போயின.

இரண்டு வருடம் கழித்துத் தீவிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அஸ்த்ரித், ஓய்வுபெற்ற ஆசிரியை. தொழிற்சாலையில் இன்னும் வேலை செய்யும் ஒரு தமிழரிடம் என் முகவரியை வாங்கியிருந்தார். தீவின் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் வாழ்ந்தார்கள் என்று ஊரவர்கள் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதுகிறார்களாம். எங்கள் ஊரில் வீட்டுக்காரரின் பெயர்களை எழுதி வாங்கிப் போனது இராணுவம். இவர்கள் நினைவில் வைத்திருக்க எழுதுகிறார்கள். அந்த வேலைக்காகத் தவத்தை அவன் இருந்த காலத்திலேயே பேசவைத்துப் பதிந்திருந்தார்கள். அந்தப் பதிவு ஒரு சீடியில் கூடவே வந்திருந்தது. கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி: "உங்கள் தம்பி பிறந்த ஊரான மறுகாவை எந்த வரைபடத்திலும் காணவில்லை. நாங்கள் எழுதியிருப்பது சரிதானா?"

சீடியைப் போட்டேன். அவனுடைய குரல். கால்மணி நேரம் பேசுகிறான், சிரிக்கிறான், இருமுகிறான். மறுகா என்ற ஒரு சொல்லைத் தவிர எனக்கு எதுவும் விளங்கவில்லை. கூடப்பிறந்தவனின் பேச்சை அந்நியனைப் போல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு வயது மகள் வந்து, இது யார், என்ன மொழி என்று பிரெஞ்சில் கேட்டாள். "உன்ட சித்தப்பா" என்றேன். மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

அஸ்த்ரித்துடன் தொலைபேசியில் பேசினேன். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்.

"மறுகா ஊரில்லை. அதற்குப் பிறகு என்று பொருள்."

"உன் ஊர் எது, எப்போது போவாய் என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்டுவிட்டேன்," என்றார் அஸ்த்ரித். "அவர் சிரித்துக்கொண்டு அதைச் சொன்னார். ஊரின் பெயர் என்று நினைத்துவிட்டேன்."

வேறு என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"வலை, மீன், காற்று. ஓரிடத்தில் உங்களைப் பற்றி. அண்ணனுக்கு இந்த இருட்டு ஆகாது, அவர் போனது நல்லது என்கிறார்."

தக் என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை அம்மாவுக்கு எடுத்தேன். அவர் இருந்தது நிவாரணக் குடிசையில்; பேசியது பக்கத்து வீட்டுக்காரியின் கைத்தொலைபேசியில். சீடியைப் போட்டு, ஒலிபெருக்கியோடு தொலைபேசியை ஒட்டிப் பிடித்தேன்.

"ஓம், அவன்தான்!" அம்மாவின் மூச்சு வாங்கியது. "என்ன பாசை மனே இது?"

"எனக்கும் விளங்கல்லம்மா."

"இன்னொருக்காப் போடு."

மூன்று முறை போட்டேன். "மறுகா எண்டு சொல்றான். என்ன கேட்டவங்க?"

"ஊருக்கு எப்ப போவாய் எண்டு."

அம்மா அழவில்லை. "பசி கிடந்த குரல் இல்ல மகன் இது," என்றார். "நல்லாத்தான் சாப்பிட்டிருக்கான்." அதற்குப் பிறகுதான் அழுதார்.

அடுத்த இளவேனிலில் புத்தகம் வந்தது. மஞ்சள் வீட்டுக்கான பக்கத்தில், அங்கே வாழ்ந்த மீனவக் குடும்பங்களுக்குக் கீழே எங்கள் பெயர்கள். நான் பிறகு எழுதி அனுப்பிய எங்கள் ஊரின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. அந்த ஊரில் கடலோரமாய் நாங்கள் இருந்த வரிசையில், அலைக்குப் பிறகு ஒரு சுவரும் இல்லை. மொன்ட்ரியாலில் நான்கு வீடு மாறிவிட்டேன். எதிலும் நான் இருந்ததாக யாரும் எழுதிவைக்கப்போவதில்லை. தவத்தின் பெயருக்கு எதிரே இருந்த வரியை அஸ்த்ரித் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்: இங்கே அடக்கம். என் பெயருக்கு எதிரே: கனடாவுக்குப் போனார்.

மகளுக்குக் காட்டினேன். விரலை வைத்து இரண்டு பெயர்களையும் மெதுவாக எழுத்துக் கூட்டினாள். பிறகு, எப்போதும் பிரெஞ்சில் பேசுகிறவள், தமிழில் கேட்டாள்: "அப்பா, நீங்க மட்டும் ஏன் போனீங்க?"

அவள் விரல் இன்னும் புத்தகத்தின் மேல்தான் இருந்தது. தம்பியின் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்த வரிகள். அந்தச் சின்ன விரல் இரண்டையும் மூடியிருந்தது.