மூலத்தில் இல்லாத ஒன்று

பழைய விண்வெளித் தொடர் ஒன்றுக்கு, அதன் ரசிகர்கள் நாங்கள் நாலு பேர் கரமனையில் என் வீட்டு மாடியில் புதிதாக ஓர் அத்தியாயம் எடுத்தோம். ஒரு பொத்தான்கூட மூலத்திலிருந்து மாறக்கூடாது என்று எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

இணையத்தில் ஏற்றிய மறுநாள், "மூலத்தில் இல்லாத ஒன்று தெரிகிறது" என்று வெளிநாட்டு ரசிகர் ஒருவர் எழுதியிருந்தார். பொத்தான்களையும் விளக்குகளையும் மூன்று முறை சரிபார்த்தேன்.

"எல்லாம் கரெக்டாதான் இருக்கு கேட்டோ, நீ சும்மா டென்ஷன் அடிக்காதே," என்றான் எங்கள் ஊர் மலையாள வாடையோடு, வேற்றுக்கிரகவாசியாக நடித்த நண்பன்.

எது என்று அந்த ரசிகரிடமே கேட்டு எழுதினேன். பதில் வந்தது: "வேற்றுக்கிரகவாசியின் நெற்றியில் அந்த மஞ்சள் கோடு என்ன?"

படப்பிடிப்பன்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, எல்லோரும் சந்தனம் இட்டுக்கொண்டு வந்திருந்தோம். அவன் முகத்துக்குப் பச்சைச் சாயம் பூசியபோது, சந்தனம் அழியாமல் கவனமாகச் சுற்றிப் பூசியது நான்தான்.