முறிந்த முதுகை முருகன் நிமிர்த்தினான்

தும்மல் வந்தால் அழுவேன். சென்ற ஐப்பசியில் என் நிலைமை அதுதான்.

என் பெயர் சரோஜா. வயது அறுபத்தேழு. ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, முறுக்கு மாவு டின்னைக் குனிந்து தூக்கினேன். முதுகில் 'படக்' என்று ஒரு சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எலும்பு தேஞ்சு மெலிஞ்சு போச்சும்மா. முதுகுல ஒரு எலும்பு நசுங்கியிருக்கு," என்றார் டாக்டர். மாத்திரையும் இடுப்புப் பட்டையும் கொடுத்தார். மூன்று வாரமாகியும் வலி குறையவில்லை. புரண்டு படுக்கவும் கணவர் வர வேண்டும். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் எனக்குக் கோணல்மாணலாகச் சடை பின்னிவிட்டார். தீபாவளியன்று படுத்தே கிடந்தேன். 'இனி இவருக்கு நான் பாரம்தான்' என்று மனம் உடைந்து போனது.

மறுபடி டாக்டரிடம் போனோம். "ஊசி வழியா எலும்புக்குள்ள சிமெண்ட் வைக்கலாம்," என்றார்.

"சிமெண்டா? சுவத்துக்குப் பூசுறதா டாக்டர்?"

அவர் சிரித்துவிட்டார். "எலும்புக்குன்னே செஞ்சதும்மா. எல்லாருக்கும் இது தேவைப்படாது. உங்களுக்கு வலி விடல, அதான் சொல்றேன். அபூர்வமா ஆபத்தும் உண்டு. யோசிச்சு முடிவு பண்ணுங்க."

முதுகெலும்பில் கை வைத்தால் கால் போய்விடும் என்று போனில் சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். சாமி அறைக்கு எழுந்து போக முடியாது. படுக்கையிலேயே கை கூப்பினேன். "முருகா, போகவா வேண்டாமா? எனக்குத் தெரியல. யாரையாவது அனுப்பிச் சொல்லப்பா."

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி, லிம் அக்கா. எங்கள் சாம்பிராணிப் புகை தன் வீட்டுக்குள் வருகிறதென்று சண்டை போட்டு, நான்கு வருஷமாகப் பேசாதவர். கணவர் திகைத்து நின்றார்.

"மூணு வாரமா புகையே வரலயே! உன் பொண்டாட்டிக்கு என்ன ஆச்சுன்னு பயந்துட்டேன்லா," என்று மலாயில் சொல்லிக்கொண்டே நேராக என்னிடம் வந்துவிட்டார். சிமெண்ட் கதையைச் சொன்னேன். உடனே திரும்பி நின்று சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். கொசு கடித்த அளவில் இரண்டு தழும்புகள்.

"எனக்கும் இதேதான் செஞ்சாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. டெய்லி காய்கறி வாங்க பாசாருக்கு நடந்து போறேன், பார்க்கலயா? போய் செஞ்சுக்கோ!"

எனக்கு அழுகை வந்தது. கேட்ட மறுநாளே பதில்! அதுவும் எந்த வாசலிலிருந்து!

சிகிச்சையன்று குப்புறப் படுக்க வைத்து, முதுகை மரத்துப்போகச் செய்தார்கள். "சரவணபவ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சாயங்காலம் நர்ஸ், "ஆண்டி, மெதுவா எழுந்து நில்லுங்க," என்றாள். பயந்து பயந்து காலை ஊன்றினேன். ஊசி குத்திய இடம் மட்டும் வலித்தது. என்னைக் கொன்ற அந்த வலியைக் காணோம்! ஜன்னல்வரை நடந்தேன். கீழே சாலையில் மழை பெய்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் கணவர் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுகிறார். நான் சிரிக்கிறேன்!

மறுநாள் வீடு திரும்பினோம். டாக்டர் சொன்னபடி எலும்புக்கு மருந்து சாப்பிடுகிறேன். கனமாக எதையும் தூக்குவதில்லை. தினமும் காலையில் லிம் அக்காவோடு பாசாருக்கு நடக்கிறேன். வீணாக்கிய நான்கு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசுகிறோம். யாரிடமும் இனி முகத்தைத் திருப்புவதில்லை என்று முருகன்முன் உறுதி எடுத்திருக்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம்வரை போய், நிமிர்ந்து நின்று "அரோகரா" சொன்னேன்.

வலியில் கிடக்கும் சகோதர சகோதரிகளே, மருத்துவரிடம் போங்கள். முருகனிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். அவன் எந்த மொழி பேசிக்கொண்டு வருவான் என்று நமக்குத் தெரியாது.