சட்டை நுனியில் இரண்டு விரல்

சிறப்புப் பள்ளியின் பயிற்சி அறையில் காலையில் முதல் வேலை மெத்தைகளை விரிப்பது. மாலையில் கடைசி வேலை அவற்றைத் துடைத்துச் சுருட்டுவது. பத்தொன்பது வருஷமாக இதைச் செய்துவந்ததால் அவளுக்கு மெத்தையக்கா என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

வந்தது பெருக்குகிற வேலைக்கு. ஒருநாள் ஒரு பையன் குதிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டான். இரண்டு ஆசிரியைகள் அரைமணி நேரம் கெஞ்சியும் அசையவில்லை. இவள் துடைப்பத்தைத் தரையில் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைத் தாண்டிக் குதித்தாள். அவனும் குதித்தான். அடுத்த மாதமே அவளை மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அங்கே படித்ததை அவள் மறக்கவே இல்லை. மற்ற பிள்ளைகள் ஓடுவதையும் தாவுவதையும் தெருவில் பார்த்தே பழகிக்கொள்வார்கள். அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கு ஒவ்வொரு அசைவையும் துண்டு துண்டாக்கித் தர வேண்டும். ஒரு படி இறங்க ஏழு வேலை: கீழே பார்க்க வேண்டும், கம்பியைப் பிடிக்க வேண்டும், பாரத்தை ஒரு காலுக்கு மாற்ற வேண்டும், முட்டியை மடக்க வேண்டும், மறு காலை இறக்க வேண்டும், அது தரையைத் தொட்டதா என்று உணர வேண்டும், பின் தங்கிய காலையும் சேர்க்க வேண்டும். கொடுக்கிற உதவியையும் அப்படித்தான் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை, முழங்கை, தோளில் ஒரு விரல். கடைசியில் ஒன்றும் கிடையாது.

"கை குடுக்கறதுக்கு எவ வேணா வருவா. கைய எடுக்கத் தெரிஞ்சவளுக்குத்தான் இங்க சம்பளம்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாள்.

கோந்து அவளிடம் வந்தபோது அந்தப் பெண்ணுக்கு எட்டு வயது. கம்பியைப் பிடித்தால் விட மாட்டாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதனால்தான் கோந்து. பேச்சு நாலைந்து சொல். அப்பா இல்லை. அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். வீடு மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. ஏறுவது கோந்துவுக்கு வரும், இறங்குவது வராது. தினமும் காலையில் அம்மா அவளை முதுகில் சுமந்து நாற்பத்தெட்டுப் படி இறக்கிப் பள்ளி வண்டியில் ஏற்றுவாள்.

பத்து வயதில் கோந்து அறையிலிருந்த ஐந்து படி மரப்படிக்கட்டில் ஒரு விரல் துணையோடு இறங்கினாள். அந்த விரலையும் எடுத்த அன்றைக்கு உருண்டு விழுந்து முன்பல் உடைந்தது. யாரும் மெத்தையக்காவைக் குறை சொல்லவில்லை. "விழாம எந்தப் புள்ள நடந்துச்சு, விடுக்கா" என்று இஸ்திரிக்காரியே சொன்னாள்.

மெத்தையக்காவால்தான் விட முடியவில்லை. மறுபடி தொடங்கியபோது, கோந்துவின் சட்டை நுனியைப் பின்னாலிருந்து இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். உடம்பைத் தொடவில்லை, துணியைத்தானே பிடித்திருக்கிறோம் என்று நினைத்தாள். தினமும் குறிக்கிற பயிற்சித் தாளில் நாலு கட்டம் இருந்தது: கை பிடித்து, முழங்கை தொட்டு, விரல் தொட்டு, உதவியின்றி. துணிக்கென்று ஒரு கட்டம் இல்லை. அவள் நாலாவதில் டிக் போட்டாள். அது பொய் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏழு மாதம் தினமும் டிக் விழுந்தது.

அப்போதுதான் கோந்து குடியிருந்த கட்டடத்தில் கீழ்வீடு காலியானது. இருட்டு அறை, சுவரெல்லாம் ஓதம். இஸ்திரிக்காரிக்கு இடுப்பு வலி முற்றி, வாளித் தண்ணீருக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம். அவள் நேரே பயிற்சி அறைக்கு வந்தாள்.

"அக்கா, மாறிடவா? அந்த ஈரத்துல இவளுக்குச் சளி புடிச்சா நான் வேலைக்குப் போக முடியாது. ஆனா இதுக்கு மேல இவளத் தூக்க இடுப்புல தெம்பில்ல."

மெத்தையக்கா தாளை எடுத்துக் காட்டினாள். "இங்க பாரு, பூரா டிக்கு. ரெண்டே மாசம். உம்மக கைவீசிக்கிட்டு இறங்குவா, நீதான் பின்னாடி மூச்சு வாங்கிட்டு வருவ."

இஸ்திரிக்காரி சிரித்தாள். கீழ்வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

அடுத்த மாதம் புதிய தெரபிஸ்ட் வந்தாள். சின்னப் பெண், அதிகம் பேச மாட்டாள். மரப்படிக்கட்டுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"தள்ளித்தானே நிக்கறேன் மேடம்."

"அப்ப அந்த ரெண்டு விரல் யாரோடது? என்னோடதா?"

மெத்தையக்கா விரலை எடுத்தாள். கோந்து காலைத் தூக்கினாள், பழையபடி வைத்தாள், மறுபடி தூக்கி வைத்தாள். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் சட்டை நுனியைத் தேடிப் பிடித்து மெத்தையக்காவிடம் நீட்டினாள்.

"புடி" என்றாள்.

தெரபிஸ்ட் குரலை உயர்த்தவில்லை. "இவ படி இறங்கக் கத்துக்கலக்கா. பின்னாடி துணி இழுத்தா கால் வைக்கணும்னு கத்துக்கிட்டிருக்கா. மொதல்லருந்து ஆரம்பிக்கணும். இந்தப் பழக்கத்த மறக்கடிக்கறது அதவிடக் கஷ்டம்."

அன்று வேலை முடிந்ததும் மெத்தையக்கா அந்த நாற்பத்தெட்டுப் படியையும் ஏறிப் போனாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். இஸ்திரிக்காரி கேட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

"திட்டிடும்மா."

"திட்டினா கீழ்வீடு காலியாகுமா?" என்றாள் இஸ்திரிக்காரி. "இப்ப அங்க யாரு இருக்கா தெரியுமா? சைக்கிள் ரிப்பேர் பண்றவரு. ரெண்டு காலும் கல்லாட்டம் இருக்கு அவருக்கு." அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் இஸ்திரி மேசை முன்னாலேயே அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இருபது நாள் படுக்கை. எழுந்த பிறகும் மகளைத் தூக்க முடியவில்லை. பள்ளி வண்டி கீழே நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போகும். இரண்டு மாதம் கழித்துப் பட்டியலில் கோந்துவின் பெயரை அடித்து, அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அதிலும் தப்பில்லை, அந்தப் பிள்ளையும் ஒரு வருஷமாகக் காத்திருந்தது.

கோந்து ஜன்னலோரமே கிடையாகக் கிடந்தாள். அம்மா வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவாள். ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நின்றவள் இப்போது மூன்றுக்கே ஆடினாள். உடம்பு பருத்தது, முட்டி இறுகியது.

வாரத்தில் இரண்டு நாள், பள்ளி முடிந்ததும் மெத்தையக்கா அங்கே போய், பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்த சாவியை வாங்கிப் பூட்டைத் திறப்பாள். மாடிப்படியின் உச்சியில் கோந்துவை நிறுத்தி, ஒரு படி கீழே தான் நின்று, இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொள்வாள். கோந்து சட்டை நுனியை நீட்டுவாள். "புடி." இவள் பிடிக்க மாட்டாள். கோந்து அழுவாள், உட்கார்ந்துகொள்வாள். ஏறி இறங்குகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

"ஏம்மா, அது பாவம். சும்மா புடிச்சாத்தான் என்ன?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள்.

"புடிச்சதனாலதான் இங்க நிக்கறேன். நீங்க போங்க."

முதல் படிக்கு ஏழு வாரம் ஆனது. பதினோரு மாதத்தில் பதிமூன்று படி. பதினான்காவதில் நின்றுபோனது. கோந்து அந்த இடத்தில் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு விட மறுத்தாள். ஒரு மாதம் இப்படியே போனது.

அன்றும் அப்படித்தான். வேலையிலிருந்து திரும்பிய இஸ்திரிக்காரி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். அவர்களைத் தாண்டிப் போகாமல் நின்றாள்.

"இன்னும் எத்தன நாளுக்கா?"

மெத்தையக்கா மிச்சப் படிகளைப் பார்த்தாள். "தெரியலம்மா."

"உண்மையாவே தெரியலயா?"

"ஒருவேளை இறங்காமலேகூடப் போகலாம்."

இஸ்திரிக்காரி தலையாட்டினாள். மகளின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, "வா, சோறு போடறேன்" என்று மேலே கூட்டிப் போனாள்.