மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும் நீலம்

வாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டதில் என் கணவருக்குப் பேச்சும் போய்விட்டது. காலாவது மெல்ல மெல்லத் திரும்பியது. நாங்கள் சொல்வது அவருக்கு விளங்குகிறதா என்பதை டொக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்தது.

காலையில் நடக்கவிடச் சொன்னார்கள். எங்கள் ஊர் உன்னிச்சையில் வயல் வட்டை அறுவடை முடிந்து காய்ந்து கிடந்தது. அதைத் தாண்டி, பாலை மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாய் நிற்கும் மேட்டில் நடப்போம். அங்கே ஓரிடத்தில் தினமும் நின்றுவிடுவார். இடக்கையில் ஊன்றிவரும் பொல்லால் நிலத்தைக் காட்டுவார். கண்ணாடி போடாத என் கண்ணுக்குப் புல்லைத் தவிர ஒன்றும் தெரியாது. "வாங்க, வெயில் ஏறுது" என்று இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

ஒருநாள் பின்னேரம் கண்ணாடியும் போட்டுக்கொண்டு தனியே போய்க் குனிந்து தேடினேன். ஒன்றுமில்லை. அன்றைக்குக் கட்டாரிலிருந்து மகள் பேசியபோது, அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன்: "அப்பாக்கு இல்லாததெல்லாம் தெரியுது மகள். ஆள் இருக்கார், அவ்வளவுதான்."

மறுநாளும் அதே இடம், அதே பொல்லு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எங்க, என்னத்தக் காட்டுறீங்க?" என்று நிலத்திலேயே குந்திவிட்டேன்.

நீலம். சட்டைப் பொத்தானிலும் சிறிய பூக்கள், நடுவில் வெள்ளைப் பொட்டு, காய்ந்த மண்ணோடு ஒட்டியபடி எத்தனையோ. வெடித்துக் கிடக்கிற இந்த நிலத்துக்குள் இவ்வளவு நீலம் எங்கே இருந்தது? காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் மூடிக்கொள்கிற பூவை, புத்தியில்லாத விசரி, பின்னேரம் போய்த் தேடியிருக்கிறேன்.

அங்கே நின்றே படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். பூவின் பெயர் சொல்லும் ஏதோ செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு உடனேயே வீடியோவில் வந்தாள்.

"மூணு பூவக் காட்டுது அம்மா. படம் அனுப்பியிருக்கன், அப்பாட்டக் காட்டிக் கேளுங்களன்."

"கேட்டு என்ன" என்றேன். என்றாலும் காட்டினேன்.

முதலாவது காக்கணம். இல்லையென்று தலையசைத்து, பொல்லால் மண்ணில் கிடையாக ஒரு கோடு கீறினார். இது மரத்தில் ஏறுகிற கொடியல்ல, நிலத்தில் படர்வது. இரண்டாவது கானாவாழை. அதுவும் இல்லை. பொல்லை என்னிடம் தந்துவிட்டு, அசையாத வலக்கையின் உரோமத்தை இடக்கையால் தடவிக் காட்டினார். எனக்குப் பிடிபடவில்லை. பிறகுதான் குனிந்து அந்தச் செடியின் இலையைத் தொட்டேன். இலை முழுக்கப் பட்டுப்போல உரோமம். மூன்றாவது விஷ்ணுகிராந்தி. படத்தைக் கண்டதும் ஓமென்று தலையாட்டினார்.

அந்தப் பக்கத்தில் மகள் அழுதுவிட்டாள். "அம்மா, அப்பாக்கு எல்லாம் விளங்குது."

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகுதான் அந்த 'எல்லாம்' உறைத்தது. அவரைப் பார்த்தேன்.

"அப்ப, நேத்து நான் மகளிட்டச் சொன்னதும் கேட்டதா?"

அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. என் கையிலிருந்த பொல்லை வாங்கி, என் காலில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார்.