முறை லீடரும் எண்ணாமல் போன ஓட்டுகளும்

ரோஸ் நிற நோட்டீஸ் தாள், வேர்த்த உள்ளங்கையில் சாயம் விடும். அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்து, முதலியார்பேட்டையில் எங்கள் பெண்கள் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் மண்ணெண்ணெய் வாசம் வீசும் அந்தத் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பள்ளிக்குள் நுழைந்தபோது சட்டையும் கையும் ரோஸாக இருந்தன. ஒன்பதாம் வகுப்பு, ஜூலை இரண்டாவது வாரம், வியாழக்கிழமை. கிழமையில் சந்தேகம் வந்து அந்த வருடத்துக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அதுவரை எங்கள் பள்ளியில் தேர்தல் என்ற பேச்சே கிடையாது. ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள வரிசைப்படி வாரத்துக்கு ஒருத்தி தலைவி; அவளுக்கு 'முறை லீடர்' என்று பெயர். அலமாரிச் சாவி, சாக்பீஸ் டப்பா, காலையில் வாழ்த்துப் பாட்டை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அந்த வாரம் அவளுடையவை. திக்கிப் பேசும் பெண்ணுக்கும் ஒரு வாரம் உண்டு. அவள் பாட்டை எடுத்துக் கொடுத்து முடிக்கும்வரை மொத்தப் பள்ளியும் காத்திருக்கும்.

அந்த ஆண்டு புதிதாக வந்த வரலாற்று ஆசிரியை, குடிமைப் பயிற்சி வேண்டும் என்று சொல்லி, ஆண்டு முழுமைக்கும் ஒரே தலைவியைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க அனுமதி வாங்கினார். ஜெயிப்பவள் ஆகஸ்டில் நடக்கும் பெற்றோர் நாளில் மைக் முன்னால் வரவேற்புரை படிக்க வேண்டும். என் பெஞ்சுத் தோழி கஸ்தூரிக்கு அதுதான் ஆசை. மில்லில் தறி ஓட்டிய அவள் அப்பா, மகள் படிப்பதைக் கேட்க அரைநாள் லீவு போடுவதாகச் சொல்லியிருந்தார். அவளுக்கு விசிறிச் சின்னம். எதிரே நின்ற மர்த்தீனுக்குக் குடம். மர்த்தீன் 'சொல்தா' வீட்டுப் பெண். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர்.

"ஏய், மில்லு சங்கு ஊதுது பாரு, கஸ்தூரி ஓட்டு கேக்க வரா!" என்பாள் மர்த்தீன்.

"சொல்தா பென்ஷன்ல மிட்டாய் வாங்கியாந்தியாமே? குடுடி, தின்னுட்டு விசிறிக்கே போடறேன்" என்பாள் கஸ்தூரி.

இந்த அளவில் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்தான் கஸ்தூரியின் ஏஜென்ட். என் சித்தப்பா ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். நூறு நோட்டீஸ் போட்டுத் தரச் சொல்லி அவரிடம் கேட்டேன். வந்த நோட்டீஸில் நடுவே கஸ்தூரி பெயர், மேலே கட்சித் தலைவரின் படம், கீழே கஸ்தூரி பெயரைவிடப் பெரிய எழுத்தில் சித்தப்பாவின் பெயரும் பதவியும்.

"இன்னாத்துக்கு சித்தப்பா உங்க பேரு?"

"பேரு போடாத நோட்டீஸு மொட்டக் கடுதாசிடி. நாலு பேரு யாரு போட்டதுன்னு கேக்க மாட்டானா?"

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் தலைவர் படம் இல்லாமல் தாள் அச்சடித்துப் பழக்கமில்லாதவர். எனக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. நூறையும் கொடுத்து முடித்தேன். மறுநாள் மர்த்தீன் வீட்டுக்கு வேண்டிய எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டில் நின்று பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். திங்கட்கிழமை, ஓட்டுப் பதிவு நடந்துகொண்டிருந்தபோதே இரண்டு தரப்பும் கேட்டுக்கு வெளியே கைகலந்தன. சித்தப்பாவின் சட்டை கிழிந்தது. உள்ளே, மூன்று வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் சின்னத்துக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

தலைமையாசிரியை, நாங்கள் 'பெரிய மிஸ்' என்போம், பெட்டியைத் திறக்காமலே எடுத்துப்போய்த் தன் அறையில் வைத்துப் பூட்டினார். மறுநாள் அசெம்பிளியில் அவர் பேசியது சில வரிகள்தான்.

"நான் சின்னப் புள்ளயா இருந்தப்போ 'மேரி' எலெக்‌ஷன்னா, அதான் அந்தக் கால முனிசிபாலிட்டி, ரெண்டு நாளு கதவத் தொறக்க மாட்டோம். பக்கத்து வூட்டுக்காரனே கல்லு வுடுவான். ஓட்டு போடற வயசு வந்ததும் நல்லா போடுங்க. அதுவரைக்கும் கட்சி கேட்டுக்கு வெளிய நிக்கட்டும். நாளைலருந்து பழையபடி முறை லீடர்தான்."

பெற்றோர் நாள் வந்த வாரம், பதிவேட்டு வரிசைப்படி முறை என்னுடையதாக இருந்தது; வரவேற்புரையும் எனக்கே வந்தது. கூசிப்போய்ப் பெரிய மிஸ்ஸிடம் போனேன்.

"என் முறைய கஸ்தூரிக்குக் குடுத்துடுங்க மிஸ்."

"இன்னிக்கி நீ அவளுக்குக் குடுப்ப. நாளைக்கி இன்னொருத்தி மிரட்டி வாங்குவா. வரிசைன்னா வரிசைதான். போய்ப் படி."

படித்தேன். தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கைதட்டல் கேட்டது, யார் தட்டினார்கள் என்று பார்க்கவில்லை. கஸ்தூரி அடுத்த வாரமே வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் என்பது ஒரு பிள்ளை எந்தப் பக்கமும் சேராமல் சில வருடம் வளர்வதற்கான இடம் என்று நான் இன்றும் நம்புகிறேன். இப்படிச் சொன்னால் பழைய பஞ்சாங்கம் என்கிறார்கள், இருக்கட்டும். ஆள் சேர்க்கத் தெரிந்தவளுக்குத்தான் தேர்தல். யாரும் கவனிக்காத பெண்ணுக்கும் அந்த வரிசை ஒரு வாரம் தந்தது. இப்போது அந்தப் பள்ளியில் முறை லீடர் கிடையாது. லாஸ்பேட்டைப் பக்கம் ஸ்கூட்டரில் போகும்போது கல்லூரி வாசல்களில் கொடிக்கம்பங்களைப் பார்க்கிறேன். அண்டை வீட்டுப் பெண்ணின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், வீட்டுப்பாடத்துக்கு நடுவே வாத்தியார் ஒருவர் தன் கட்சிக்காரரின் பேச்சை அனுப்புகிறார். மில்லும் இல்லை, அதன் சங்கும் ஊதுவதில்லை.

போன மாதம் மூலக்குளத்தில் ஒரு வளைகாப்பில் கஸ்தூரியைப் பார்த்தேன். பேச்சு அந்தப் பள்ளித் தேர்தலுக்குப் போனது. பெரிய மிஸ் செய்தது சரிதான் என்றேன்.

"சரியாத்தான் இருக்கும்" என்றாள். "ஆனா எலெக்‌ஷன் நின்னுபோச்சுன்னு நான் வூட்ல சொல்லவேயில்லடி. அன்னிக்கி அப்பா அரைநாள் லீவு போட்டு வந்து கடைசில நின்னுனு இருந்தாரு. தறிச் சத்தத்துல காது மந்தம், அவ்ளோ தூரத்துல கண்ணும் தெரியாது. ஒரே யூனிபார்ம், ரெட்ட சடை. நான்தான் படிக்கறேன்னு நெனச்சு அப்பிடி கை தட்னாரு."

"அப்பறம் சொல்லலியா?"

"சாவற வரைக்கும் சொல்லல."

என் கருத்து மாறவில்லை. பந்தியில் அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தேன்.